கால் குறைந்த தெரு

வெல்டர் இரும்புக் குழாயோடு மாடியேறி வந்தபோது காலை பதினொன்று. முதல் அடியில் செல்போன் கம்பெனி ஆபீசின் கண்ணாடிக் கதவு பொலபொலவென்று கொட்டியது. இரண்டாவதில் வாசல் மேசைக் கம்ப்யூட்டர் வாயைப் பிளந்தது.

"எங்க தெருவுல போனுக்கு லைன் கிடைக்க வேணாம்னு முடிவு பண்ணது யாருடா?"

முந்தாநாள் மாலை அவன் தம்பியைத் தெருமுனையில் மூன்று பேர் குத்திப் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். தம்பி ஆம்புலன்ஸுக்கு ஏழு தடவை அடித்திருக்கிறான். ஏழும் பாதியில் அறுந்தது. ரத்தம் வடிந்தே செத்தான். செய்தி ஆபீசுக்கு நேற்றே வந்துவிட்டது. யாரும் வாயைத் திறக்கவில்லை.

மேனேஜர் பீரோவுக்குப் பின்னால் பதுங்கியபடியே, "அது கம்ப்யூட்டர் போட்ட கணக்குப்பா, யாரும் வேணும்னு பண்ணல" என்றார்.

கம்ப்யூட்டருக்கு அந்தக் கணக்கைக் கொடுத்தவள் கணக்கம்மா. ஆபீசில் அவளுக்கு அதுதான் பேர். டவர் ஒவ்வொன்றும் ஒரு புள்ளி. ஒன்றின் அலை இன்னொன்றை எட்டினால் நடுவே ஒரு கோடு. கோட்டின் இரு முனைக்கும் ஒரே அலைவரிசையைக் கொடுத்தால் இரண்டும் மோதிப் பேச்சு அறுந்துபோகும். அந்த வட்டாரத்துக்கு நான்கு அலைவரிசை தேவை. கம்பெனியிடம் இருந்தது மூன்று. "எங்கயாவது மோதிட்டுப் போகட்டும்மா, வம்பு வராத இடமா பாரு" என்றிருந்தார் மேனேஜர். எந்தக் கோட்டில் மோதவிட்டால் சேதம் குறைவு என்று மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டாள். விடை சுத்தமாக விழுந்தது. அன்று அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

எழுந்து நின்றாள். "நான்தாண்ணே போட்டேன்."

"எதுக்கு எங்க தெரு?"

"அங்க... போன் கால் ரொம்பக் கம்மி. மாசத்துக்கு நாப்பத்தாறுதான்."

வெல்டர் அவளை வெறித்தான். "ஏற்கெனவே லைனே சரியா கிடைக்காத தெருவுல கால் எப்படிம்மா நிறைய இருக்கும்?"

குழாய் இறங்கியது. மேசையில் ஊன்றியிருந்த வலது மணிக்கட்டு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. அடுத்த அடிக்குள் செக்யூரிட்டி இருவர் பாய்ந்து அவனைக் கவிழ்த்தார்கள். ஒருவன் பூட்ஸால் வாயில் மிதித்தான். கையைக் கட்டிய பிறகும் மிதித்தான். பல் ஒன்று தரையில் உருண்டது.

"விடுங்க! அவர் கேட்டது சரிதான்!"

கணக்கம்மா கத்தியதை யாரும் காதில் வாங்கவில்லை. "நல்லா போடு" என்றார் மேனேஜர், இப்போது வெளியே வந்து.

அவனை இழுத்துக்கொண்டு போனார்கள். கணக்கம்மா நாற்காலியில் சரிந்து, இடது கையால் தன் கம்ப்யூட்டரில் அலைவரிசைத் திட்டத்தைத் திறந்தாள். அந்தத் தெருவுக்கு நேராக இருந்த நாற்பத்தாறை அழித்தாள். வேறு எந்த எண்ணைப் போடுவது? வெற்றுக் கட்டம் சிமிட்டிக்கொண்டிருந்தது. வெளியே அவன் குதிகால்கள் ஒவ்வொரு படியாக இடித்துக்கொண்டு இறங்கின.