மாப்பிள்ளை நிலவறையில் இருக்கிறார்

உனக்கு மூளை என்று ஒன்று இருக்கிறதா என்று அம்மா அடிக்கடி கேட்பாள். அன்று மதியம் மூன்று மணிக்கு நானே என்னைக் கேட்டுக்கொண்டேன்.

மயிலாப்பூரில் ஒரு பேராலயத்தின் நிலவறைக்குத் தரை போடும் வேலை. அங்கிருக்கும் கல்லறைக்கு முன்னால் கறுப்பும் வெள்ளையுமாகப் பளிங்கில் ஒரு பெரிய பூ. நூற்றுப் பன்னிரண்டு துண்டு, அத்தனையும் என் கையால் அறுத்துத் தேய்த்தது. கடைசித் துண்டை மரச்சுத்தியலால் தட்டி உட்கார வைத்துவிட்டு நிமிர்ந்தேன். நான் கல்லறையோரம் நிற்கிறேன், படிக்கட்டு எதிர்ப்பக்கம் இருக்கிறது. நடுவில் பதினான்கு அடி ஈரத் தரை.

எந்த வேலையையும் ஈசானிய மூலையில் தொடங்குவது எங்கள் வழக்கம். படிக்கட்டும் அதே மூலையில்தான் இறங்குகிறது என்று யோசிக்க வேண்டாமா, மடையன்? விடிந்து சாந்து இறுகும்வரை யாரும் கால் வைக்கக்கூடாது. ஐந்து மணிக்கோ தி. நகரில் எனக்குப் பெண் பார்க்கப் போகவேண்டும். இரண்டு இடம் தட்டிப்போய் வந்த மூன்றாவது சம்பந்தம், நகைக்கடை வீடு. சுந்தரவல்லியின் போட்டோவைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். மறுநாள் ஆடி பிறக்கிறது. இன்று முடியாவிட்டால் வேறு இடம் பார்ப்போம் என்று பெண்ணின் அப்பா நல்லசிவம் கறாராகச் சொல்லியிருந்தார்.

ஆலயத்தைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை லூர்து படியில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

“இன்னா நைனா, வாசல் இந்தாண்ட கீது, நீ அந்தாண்ட நின்னுகினு கீறே?”

“சிரிச்சது போதும். பொண்ணு வீட்டுக்குப் போன் போட்டு, என்னால வர முடியலைன்னு சொல்லு.”

போட்டான் புண்ணியவான். மாப்பிள்ளை கல்லறையில கீறாரு, காலையிலதான் எய்ந்து வருவாரு என்று சொல்லி வைத்துவிட்டான்.

அரை மணியில் இரண்டு ஆட்டோ வந்து நின்றது. முன்னதாகவே அவர்கள் வீட்டுக்குப் போய் எனக்காகக் காத்திருந்த அம்மா அழுதபடியே இறங்கி வந்தாள். நான் உயிரோடு நிற்பதைக் கண்டதும் வைய ஆரம்பித்தாள். நல்லசிவம் அவளைக் கையமர்த்தினார்.

“தம்பி, நாலு எட்டுதானே, வந்திருங்க. கல்லு அசைஞ்சா திருப்பி வச்சுக்கிடலாம்.”

காலைத் தூக்கினேன். சத்தியமாகத் தூக்கினேன். கடைசிப் படியில் பட்டுப்புடவையில் சுந்தரவல்லி நின்றாள், போட்டோவைவிட அழகு. கீழே பார்த்தேன். எத்தனை நாள் பாடு அது. காலை இறக்கிக்கொண்டேன்.

“மன்னிச்சிருங்க மாமா. மிதிக்க மனசு வரலை.”

“அப்ப அந்தக் கல்லையே கட்டிக்கிடுங்க. வா வல்லி, போவோம்.”

அவள் போகவில்லை. படியில் உட்கார்ந்து, கன்னம் தரையைத் தொடுமளவு குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு என் தரையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தாள்.

“அப்பா, நம்ம கடையில கம்மலுக்குக் கல் பதிக்கிறவங்ககூட இவ்வளவு ஒட்டிப் பதிக்க மாட்டாங்க,” என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். “எனக்குச் சம்மதம். நீங்க அங்கேயே இருங்க, அசையாதீங்க.”

எகிறிக் குதிக்கவேண்டும்போல் இருந்தது. குதித்தால் கல் அசையும். பொங்கிப் பொங்கி வந்த சிரிப்பை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றேன்.