விரிசலின் குறுக்கே

கண்ணாடிக்காரருக்கு ஆகாதவர்கள் என்று ஒரு பட்டியல் போட்டால் தெருவே அதில் அடங்கிவிடும். பக்கத்து மனையை வாங்கிப் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்த கட்டுமானக் கம்பெனிக்கு அதில் முதல் இடம். சொல்லாமல் கொள்ளாமல் விற்றுவிட்டுப் போன அக்கம்பக்கத்தாருக்கு இரண்டாவது இடம். கழுத்தில் கேமராவை மாட்டிக்கொண்டு வந்து, அவர் கட்டடத்தின் வளைவு ஜன்னல்களை அண்ணாந்து பார்த்து "என்ன அழகு, என்ன அழகு" என்று உருகிவிட்டு, ஒழுகும் கூரையைப் பற்றி மூச்சு விடாமல் போகிறவர்களுக்கு மூன்றாவது. மாநகராட்சி தனி ரகம். அந்தப் பேச்சை எடுத்தாலே அவருக்கு ரத்தக்கொதிப்பு ஏறும் என்று மனைவி வேறு எதையாவது பேசிச் சமாளிப்பாள். இத்தனை பேரையும் கூட்டிப் பெருக்கினாலும், மனைவியின் தம்பி மேல் அவருக்கிருந்த வெறுப்புக்கு உறை போடக் காணாது.

அந்த மச்சினன் பத்து வருஷம் இவர் கடையில் கண்ணாடி வெட்டியவன். கட்டர் பிடிக்கும் விதத்திலிருந்து எல்லாமே இவர் சொல்லித் தந்ததுதான். ஒரு நாள் திடீரென்று வேலையை விட்டான். அடுத்த வாரமே சட்டையை இன் பண்ணிக்கொண்டு அதே கட்டுமானக் கம்பெனிக்காரனாக வந்து நின்றான். பழைய கட்டடக்காரர்களிடம் இனிக்க இனிக்கப் பேசிச் சம்மதம் வாங்குவது அவன் உத்தியோகம். தெருவில் மொத்தம் பதினோரு பழைய கட்டடங்கள். பத்தைப் பேசியே சாய்த்துவிட்டான். பதினொன்றாவது அவன் அக்கா குடியிருக்கும் வீடு.

நூற்றி முப்பது வருஷத்துக் கட்டடம் அது. எந்தக் காலத்திலோ கப்பல் கம்பெனி ஆபீஸாக இருந்ததாம். கண்ணாடிக்காரரின் அப்பா வாங்கியது. கீழே கடை, மேலே வீடு. வளைவு, தூண், கொடிவேலைப்பாடு இதெல்லாம் கண்ணாடிக்காரரின் கண்ணில் பட்டதே இல்லை. அவருக்கு வேண்டியது வடக்குப் பக்கத்து வெளிச்சம். நாள் முழுக்க நிழலில்லாமல், கண்ணைக் கூசாமல் விழும் அந்த வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் கண்ணாடிக்குள் இருக்கும் மயிரிழைக் குமிழிகூடத் தெரிந்துவிடும். நாற்பது வருஷமாக அந்த வெளிச்சத்தில்தான் அவருக்குக் கை ஓடியது. அதை விட்டுவிட்டு, கம்பெனி பதிலுக்குத் தருவதாகச் சொன்ன ஏதோ பதினான்காவது மாடியில் ட்யூப்லைட்டுக்கு அடியில் உட்கார அவருக்கு மனசில்லை. வாய்விட்டுச் சொல்லமாட்டாரே தவிர, அந்தக் கட்டடம் என்றால் அவருக்கு உயிர்.

பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் சேர்த்துவிட்டால் யாரும் கை வைக்க முடியாது என்று கேமராக்காரர்களில் ஒருத்தர் மனு எழுதிக் கொடுத்தார். மனுவைப் பார்த்து மாநகராட்சியிலிருந்து ஒரு இன்ஜினியரம்மா ஸ்கூட்டரில் வந்தார். மாடிப் படுக்கையறையில், பள்ளத்தை ஒட்டிய சுவரில், தரையிலிருந்து உத்தரம் வரை ஒரு விரிசல். அதை நகத்தால் தடவிப் பார்த்தார்.

"இது பழசா, புதுசான்னு தெரியணும் சார். கண்ணாடிப் பட்டை ஒட்டிப் பார்க்கலாம். உங்க கடையிலயே வெட்டிக் குடுங்களேன்."

படச்சட்டத்துக்குப் போடும் மெல்லிய கண்ணாடியில், ரெண்டு விரல் அகலத்தில் ஐந்து பட்டைகளை அவரே வெட்டிக் கொடுத்தார். அந்தம்மா அவற்றை விரிசலுக்குக் குறுக்கே பாலம் மாதிரி வைத்து, இரு முனையிலும் சிமென்ட் கட்டியால் ஒட்டி, ஒவ்வொன்றிலும் மார்க்கரால் தேதி போட்டார்.

"சுவர் அசைஞ்சா கண்ணாடி உடையும். உடைஞ்சா அன்னைக்கே எனக்கு போன் பண்ணுங்க. இந்தாங்க நம்பர். முப்பது நாள் கழிச்சு வந்து பார்த்து ரிப்போர்ட் எழுதுறேன்."

அவர் அந்த நம்பரை வாங்கிச் சட்டைப் பையில் போட்டார். அன்று சாயங்காலமே துணியோடு சேர்ந்து அது ஊறிப்போனது. மாநகராட்சியும் கம்பெனியும் ஒரே தட்டில் சாப்பிடுகிறவர்கள் என்பது அவருடைய முடிவு. அவர்களுக்குப் போன் வேறயா?

மூன்றாம் நாள் மச்சினன் அக்காவைப் பார்க்க வந்தான். பட்டைகளைப் பார்த்துச் சிரித்தான்.

"மாமா, இதுல ஒண்ணு உடைஞ்சாலும் போச்சு. அபாயக் கட்டடம்னு நோட்டீஸ் ஒட்டிருவாங்க. தெருக்கோடி வீட்டுக்கு அப்படித்தான் ஆச்சு. அதுக்கு முன்னாடி நீங்களா மரியாதையா ஒரு முடிவுக்கு வந்துட்டா நல்லது."

"மரியாதையைப் பத்தி நீ பேசுறியா? சாப்பிட்டுட்டு நடையைக் கட்டு."

அவன் போன ஒரு மணி நேரத்தில் மனைவி கூப்பிட்டாள். நடுப்பட்டை இரண்டாக உடைந்திருந்தது.

கண்ணாடிக்காரர் ஓடிவந்து பார்த்தார். வேறு யார் செய்திருப்பார்கள்? வந்தான், சிரித்தான், உடைத்துவிட்டுப் போனான். இவர் லேசுப்பட்டவரா? கீழே போய் அதே அளவில் ஒரு பட்டை வெட்டிவந்தார். இன்ஜினியரம்மாவின் கையெழுத்து மாதிரியே அதே தேதியை எழுதி, கொஞ்சம் சிமென்ட் குழைத்து ஒட்டினார். உடைந்த பட்டையைக் காகிதத்தில் சுற்றி, உடைந்த தேதியைக் குறித்துவைத்தார். பின்னால் போலீசில் புகார் கொடுக்கும்போது உதவும்.

சுற்றும்போது ஒரு விஷயம் கண்ணில் பட்டது. தட்டி உடைத்த கண்ணாடி அடிபட்ட இடத்திலிருந்து சிதறும். விளிம்பில் பொருக்கு விட்டிருக்கும். இது குறுக்கே ஒரே கோடாக, துடைத்துவைத்ததுபோல் உடைந்திருந்தது. 'கட்டரால கீறி உடைச்சிருக்கான். நான் சொல்லிக்குடுத்த வித்தையை என்கிட்டயே காட்டுறான்' என்று பல்லைக் கடித்தார். கட்டர் கீறியிருந்தால் விளிம்போரம் நூல் மாதிரி வெள்ளைக் கோடு தெரிய வேண்டும். பூதக்கண்ணாடியை எடுத்து, வடக்கு ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோட்டைக் காணோம். பூதக்கண்ணாடியை டிராயரில் போட்டு மூடினார். நாற்பது வருஷத் தொழில் அவருக்கு உண்மையைச் சொல்லிவிட்டது. அதைக் கேட்கத்தான் அவருக்கு இஷ்டமில்லை.

பதினோராம் நாள் மறுபடி இரண்டு உடைந்தன. மச்சினன் வீட்டுப் பக்கமே வந்திருக்கவில்லை.

"நீதான் அவனை உள்ள விட்டிருக்கணும்" என்று மனைவி மேல் பாய்ந்தார்.

"எனக்கென்ன பைத்தியமா? அவன் வரவேயில்லங்க."

"தம்பின்னா உருகுவியே. உன்னைத் தெரியாதா எனக்கு?"

"ஆமா, உருகுறேன். தினம் காலைல தலையணையெல்லாம் சுண்ணாம்புத் தூளா கிடக்கு. அதுக்கும் அவன்தான் காரணமா?"

"எலி" என்றார்.

"ஜன்னல் கதவு சாத்த மாட்டேங்குது."

"மழைக்கு மரம் ஊதியிருக்கும்."

அவள் தலையணையை உதறப் போனாள். அந்தச் சுவரோரம்தான் அவள் கட்டில். முழங்கால் வலிக்காரி, காற்றுக்காக ஜன்னல் பக்கம் படுப்பவள். அவர் கூடத்தில் பாய் விரித்துப் படுப்பவர். மச்சினன் இனி வாசற்படி மிதிக்கக் கூடாது என்று உத்தரவு போட்டார். பூட்டை மாற்றினார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பட்டைகளைக் காத்தார். பதினாறாம் நாள் ஒன்று போனது. இருபத்திரண்டாம் நாள் இரண்டு. கள்ளச்சாவி போட்டிருக்கிறான் என்று வைத்துக்கொண்டார். ஒவ்வொரு முறையும் புதுசு வெட்டினார், பழைய தேதியை எழுதினார், ஒட்டினார், உடைந்ததைத் தேதி குறித்துப் பொட்டலம் கட்டினார். வெளியே பள்ளத்தில் மோட்டார்கள் இரவும் பகலும் ஊற்றுநீரை இறைத்துக் கொட்டிக்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்தையும் திட்டினார். அதை எதனோடும் முடிச்சுப் போட்டுப் பார்க்கவில்லை.

இருபத்தொன்பதாம் நாள் உச்சிவெயிலில், கடையைச் சாத்திவிட்டு, படுக்கையறையில் சுவருக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மறுநாள் இன்ஜினியரம்மா வருகிறார். கடைசி நாளில் அவன் வராமல் இருக்கமாட்டான். வந்தால் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும்.

அவனும் வந்தான். ஆனால் திருட்டுத்தனமாக வரவில்லை. அக்கா போன் பண்ணி அழுதிருக்கிறாள், அவளே கதவைத் திறந்துவிட வாசல் வழியாக நேராக மேலே ஏறி வந்தான்.

"வாடா வா. உனக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கேன்."

"மாமா, அக்காவைக் கொஞ்ச நாள் எங்க வீட்டுக்கு அனுப்புங்க. அவ பயப்படுறா."

"பயமா? நீ கிளப்பிவிட்ட பயம். என் சோத்தைத் தின்னுட்டு என் வீட்டுக்கே ஆப்பு வைக்கிறவன்தானே நீ!"

"உங்க சோறா? பத்து வருஷம் கையெல்லாம் கிழிய வேலை பார்த்தேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள், நல்லா வெட்டினேடான்னு சொல்லியிருப்பீங்களா?"

"எனக்குத் தெரியாம என் வீட்டுக்குள்ள வந்து கண்ணாடியை உடைக்கிற அளவுக்கு நல்லா வெட்டக் கத்துக்கிட்டியே, போதாதா?"

"எந்தக் கண்ணாடி?"

டிக்.

சின்னச் சத்தம்தான். இருவரும் சுவரைப் பார்த்தார்கள். நடுப்பட்டை குறுக்கே ஒரே கோடாகப் பிளந்திருந்தது. மச்சினன் வாசல்நிலையில் நின்றிருந்தான். சுவருக்கும் அவனுக்கும் நடுவில் ஒரு கட்டிலும் ஒரு கண்ணாடிக்காரரும் இருந்தார்கள்.

மச்சினன் மெதுவாகக் கிட்டே வந்து, உடைந்த விளிம்பை விரலால் தொட்டான். அவனும் தொழில் தெரிந்தவன். பட்டையின் முனைகளில் இருந்த சிமென்ட் கட்டிகளைப் பார்த்தான். பழைய கட்டி மேல் புதுக் கட்டி, அதன் மேல் இன்னொன்று.

"இதுக்கு முன்னாடி எத்தனை மாத்தினீங்க?"

அவர் குனிந்து, தரையில் உதிர்ந்த சிமென்ட் தூளைக் கையால் கூட்டினார்.

"மாமா, எத்தனை?"

"ஆறு."

சமையலறையிலிருந்து வந்த மனைவி அதைக் கேட்டாள். கட்டிலைப் பார்த்தாள், விரிசலைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"ஆறு பட்டை உடைஞ்சிருக்கு. ஒவ்வொரு தடவையும் ஒட்டிட்டு, போய்ப் படுன்னு என்னை இங்கதானே படுக்க வச்சீங்க?"

"அவன்தான் உடைக்கிறான்னு..."

"என் தம்பியைப் பிடிக்காதுன்னா அவனை அடிச்சிருக்கலாமே. என்னை எதுக்குங்க சுவத்துக்கடியில போட்டீங்க?"

அன்று சாயங்காலமே அவள் தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். அவர் தடுக்கவில்லை. கூடத்தில் தனியாக உட்கார்ந்து, மறுநாள் என்ன சொல்வது என்று யோசித்தார். புதுசாக ஒன்றை வெட்டி ஒட்டிவிட்டால் நாளை ஒரு பகல் தாங்காதா என்று ஒரு நினைப்பு வந்தது. அந்த நினைப்பு வந்ததற்காகத் தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம்போல் இருந்தது.

மறுநாள் காலை இன்ஜினியரம்மா வந்தபோது காகிதப் பொட்டலங்களை மேசையில் பிரித்துவைத்தார். எல்லாவற்றையும் சொன்னார். நாற்பது வருஷத்தில் தன் தப்பை அவர் இன்னொருத்தரிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. மனைவியின் துணிமணிகளை எடுக்க வந்த மச்சினனும் ஓரமாக நின்று கேட்டான்.

அந்தம்மா தேதிகளை ஒவ்வொன்றாகப் படித்தார். பிறகு ஜன்னலுக்குப் போய்ப் பள்ளத்தை எட்டிப் பார்த்தார்.

"முதல் பட்டை மூணாவது நாளே உடைஞ்சிருக்கு."

"ஆமாம்மா."

"அன்னைக்கு அவங்க பாதி ஆழம்கூடத் தோண்டியிருக்க மாட்டாங்க. பள்ளத்துல தண்ணி இறைக்க இறைக்க உங்க அஸ்திவாரத்துக்கு அடியில மண்ணு இறங்குது. நீங்க ஒரு போன் பண்ணியிருந்தா அன்னைக்கே வேலையை நிறுத்த ஆர்டர் போட்டிருப்பேன். உங்க சுவருக்கு முட்டுக் குடுத்து, பலப்படுத்திக் குடுத்துட்டு அப்புறம் தோண்டுன்னு அவங்க தலையிலயே கட்டியிருப்பேன். கண்ணாடி ஒட்டினதே அதுக்குத்தான் சார். உங்க கட்டடத்தை இடிக்கிறதுக்கு இல்ல."

"இப்ப?" என்றார் கண்ணாடிக்காரர். "இப்ப நிறுத்த முடியாதா?"

"எதை நிறுத்துறது? அடித்தளமே போட்டாச்சு. உங்க சுவர் இந்த மழைக்குத் தாங்காது. இன்னைக்கே எல்லாரும் இறங்கிடணும். நான் அப்படித்தான் எழுதியாகணும்."

அந்தம்மா குனிந்து எழுத ஆரம்பித்தார். மச்சினன் அக்காவின் புடவைகளை ஒரு போர்வையில் போட்டு மூட்டை கட்டினான். கட்டி முடித்துவிட்டு நிமிர்ந்தான். நக்கலாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை, சாதாரணமாகச் சொன்னான்.

"மாமா, நான் ஒரு கண்ணாடியையும் தொடல. தொட்டிருந்தாலும் எங்க கம்பெனிக்கு நீங்க செஞ்ச வேலையில கால்வாசி செஞ்சிருக்க முடியாது."

அவன் ஒன்று சொன்னால் ஒன்பது சொல்கிறவர் கண்ணாடிக்காரர். அன்று அவன் கையிலிருந்த மூட்டையை வாங்கிக்கொண்டு படியிறங்கினார்.