மூச்சைப் பிடிக்கச் சொன்ன குரல்

"வளர்ந்திருக்கும்மா," என்றார் ஆராய்ச்சி டாக்டர். "போன தடவையை விட நல்லாவே வளர்ந்திருக்கு."

அவள் கணவனின் நுரையீரல் கட்டிக்கு மற்ற மருந்தெல்லாம் தோற்ற பிறகு கிடைத்தது இந்தப் புது மருந்து. இன்னும் ஆராய்ச்சியில் இருப்பது. கட்டி ஐந்தில் ஒரு பங்கு வளர்ந்தால் மருந்து நின்றுவிடும் என்பது அதன் விதி. இப்போது அந்த எல்லையைத் தாண்டியிருந்தது.

அதே ஆஸ்பத்திரியில் சி.டி. ஸ்கேன் எடுப்பதுதான் அவள் வேலை. ஊரார் நெஞ்சையெல்லாம் படம் பிடித்தவள், கணவனை உள்ளே படுக்க வைத்தபோது மட்டும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். சொந்தக்காரர்கள் படமும் எடுக்கக் கூடாது, பார்க்கவும் கூடாது. அதுவும் விதி.

"அவர்கிட்ட நான் சொல்லட்டுமா?"

"நானே சொல்லிக்கறேன், டாக்டர்."

ஊசி குத்திய இடத்தில் பஞ்சை அழுத்திக்கொண்டு, காத்திருக்கும் கூடத்தில் பிஸ்கட் கடித்துக்கொண்டிருந்தான் அவன். பக்கத்தில் உட்கார்ந்தாள். சொல்ல வந்ததை விட்டுவிட்டு, அவன் சட்டையில் உதிர்ந்த பிஸ்கட் தூளைத் தட்டினாள்.

"ஏன்டி, அந்த மெஷினுக்குள்ள உன்னை எப்ப அடைச்சாங்க?"

"என்னது?"

"உன் குரல்டி! சொல்லவே இல்லையே நீ."

அவளுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. மூச்சைப் பிடிக்கச் சொல்ல மெஷினோடு வந்த பழைய குரல் செய்தி வாசிப்பது போலப் பேசும். வயதானவர்களுக்குப் புரிவதில்லை என்று போன மாதம் அவளையே பேசவைத்துப் பதிவு செய்திருந்தார்கள். அவனே கேட்டு ஆச்சரியப்படட்டும் என்று வீட்டில் மூச்சு விடவில்லை.

"திடுக்குன்னு ஆயிடுச்சு. 'மூச்சை இழுங்க, அப்படியே பிடிச்சுக்கோங்க'ன்னு வீட்ல அதட்டற மாதிரியே அதட்டறே. நான் என்ன பண்ண, வழக்கம்போல..."

"வழக்கம்போல?"

"'சரிங்க மேடம்'னேன்."

பால் வாங்கிட்டு வாங்க என்றாலும் 'சரிங்க மேடம்', குடையை மறக்காதீங்க என்றாலும் 'சரிங்க மேடம்'. பாலும் வராது, குடையும் போகாது, அது வேறு விஷயம். ஆனால் படம் ஓடும் நேரத்தில் ஒரு வார்த்தை பேசினாலும் மூச்சு கழன்றுவிடும். நுரையீரலின் அடியில் இருக்கும் கட்டியும் கூடவே நகரும். நகர்ந்த கட்டி படத்தில் நீண்டு தெரியும்.

சட்டென்று எழுந்தவளின் கால்கள் பாதி வழியில் தயங்கின. மறுபடி எடுத்து, நிஜமாகவே வளர்ந்திருந்தால்? ஆடிய படம் என்று நினைத்துத் தேற்றிக்கொள்ளக்கூட வழியிருக்காது. போதாததற்கு, புருஷனுக்காக வக்காலத்து வாங்க வந்தாள் என்று பேச்சும் வரும்.

வந்தால் வரட்டும் என்று ஸ்கேன் அறைக்கு நடந்தாள். படம் எடுத்த சீனியரை எல்லோரும் மீசை என்பார்கள். அவள் சொன்னதைக் கேட்டதும் அந்த மீசை துடித்தது.

"என் படத்துல குறை சொல்றியா?"

"கீழ்ப் பக்கத்தை மட்டும் பாருங்கண்ணே. நான் பார்க்கல." திரைக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்து நின்றாள். பின்னால் மௌஸ் தட்டும் சத்தம். பிறகு அதுவும் நின்றது.

"அடச்சே! விளிம்பு ரெண்டு ரெண்டா தெரியுது. எப்படி விட்டேன்?"

டாக்டரும் வந்து பார்த்தார். "ஆடின படத்தை நான் அளந்திருக்கக் கூடாது. அந்தப் பகுதியை மட்டும் திரும்ப எடுக்கலாம்." அவள் பக்கம் திரும்பினார். "ஆனா, அடுத்த படம் என்ன சொல்லுதோ அதுதான் முடிவு. சம்மதமா?"

தலையாட்டினாள்.

"இந்தத் தடவை உன் குரலை அணைச்சிட்டு நானே மைக்ல சொல்றேன்," என்றார் மீசை.

மேஜையில் ஏறிக்கொண்டே அவன் தடுத்தான். "வேண்டாம் சார். நீங்க சொன்னா எனக்கு இருமல்தான் வரும். அவ சொல்லட்டும், நான் வாயே திறக்கல."

கனத்த கதவு மூடியது. அதில் காதை வைத்துக்கொண்டு நின்றாள். உள்ளே அவள் குரல், அவளுக்கே அந்நியமாக: "மூச்சை நல்லா இழுங்க. அப்படியே பிடிச்சுக்கோங்க."

பேசிடாதீங்க, பேசிடாதீங்க என்று மனசு அடித்துக்கொண்டது. உள்ளே மெஷின் சுழலும் இரைச்சல் மட்டும்தான். "மூச்சை விடுங்க" என்று அவள் குரல் சொன்ன பிறகுதான், தானும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது தெரிந்தது.

டாக்டர் அளந்தார். சந்தேகம் வந்தவர் போல மறுபடியும் அளந்தார். வெளியே வந்தபோது அவர் முகத்திலிருந்து எதையும் படிக்க முடியவில்லை.

"வளரவே இல்லைன்னு சொல்ல மாட்டேன். கொஞ்சம் வளர்ந்திருக்கு. ஆனா எல்லைக்கு உள்ளதான் இருக்கு. மருந்து தொடரும்மா."

சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு வந்தான் அவன். அவள் கண்ணைத் துடைத்துவிட்டு மிரட்டினாள். "மருந்து நிக்கலை. ராத்திரி மாத்திரையை மறக்காம போடணும், தெரியுதா?"

பதில் இல்லை.

"உங்ககிட்டதான் பேசறேன்!"

அவன் உதட்டின் மேல் விரலை வைத்துக் காட்டினான். அவள் முறைத்த பிறகுதான் வாயைத் திறந்தான்.

"சரிங்க மேடம்."