ஒரு கோடி அடி

"இது டிரம்முக்குப் போகணும்மா," என்று சொல்லி, தகன நிலையத்துக் குமாஸ்தா அப்பாவின் செயற்கை இடுப்பு மூட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். சாம்பலை அண்ணன் வாங்கிக்கொண்டாயிற்று. மேசையில் மிச்சம் அது ஒன்றுதான். தீயில் நிறம் மாறிய ஒரு சாண் தண்டு, முனையில் ஒரு குண்டு.

"மெட்டலெல்லாம் உருக்கறதுக்குப் போயிடும். ரூல்."

"விடு பாப்பா," என்றான் அண்ணன். "கார்ல அம்மா தனியா இருக்கா."

அவளால் விட முடியவில்லை. உலோகப் பொடியை லேசரால் உருக்கி, ஏடு ஏடாக அடுக்கிப் பொருள் வளர்ப்பது அவள் துறை. முனைவர் பட்டத்துக்காக ஐந்து வருஷம் மல்லுக்கு நின்று அவள் கண்ட முறையில் பிறந்தது அந்தத் தண்டு. ஆய்வகத்தில் கோடி தடவை அழுத்திப் பார்த்து, "ஒரு கோடி அடி தாங்கும்பா" என்று அவள் சொன்ன பிறகே அப்பா அறுவை சிகிச்சைக்குச் சம்மதித்தார். ஆறு வருஷமாகிறது. பட்டம் வாங்கியதிலிருந்து மூணு பல்கலைக்கழகம் பார்த்துவிட்டாள். எல்லாம் ரெண்டு வருஷ ஒப்பந்தம். 'அடுத்த வருஷம் நிரந்தரம்' என்று ஆட்டுக்குத் தழை காட்டுவதுபோல் காட்டினார்கள், போனாள். நேற்று அவள் வீடு வந்து சேர்ந்தபோது அப்பாவின் பேச்சு நின்று நாலு மணி நேரமாகியிருந்தது.

"ஆராய்ச்சிக்கு வேணும் சார்," என்றாள்.

பொய். அத்தனை சூட்டில் புகுந்து வந்த உலோகம் பழசையெல்லாம் மறந்துவிடும். எவ்வளவு தேய்ந்தது, எந்தப் பக்கம் பாரம் சாய்ந்தது, ஒன்றும் சொல்லாது. அவளுக்குத் தெரியாததா?

"ஆராய்ச்சின்னா லெட்டர் கொண்டாங்க."

துணிக்கடை வைத்திருந்தவர் அப்பா. 'வேண்டியதைக் கேட்டா விலை ஏறும். கொடுக்க முடியாததைக் கேளு, வேண்டியது தானா வரும்' என்பது அவர் தொழில் மந்திரம். மகளோ எந்தக் காகிதத்தை நீட்டினாலும் படிக்காமல் கையெழுத்துப் போடுகிற ரகம்.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"சரி சார். அந்த டிரம்மைக் கொண்டாரச் சொல்லுங்க. இந்த வருஷம் யார் யாரோட மெட்டல் உள்ள போச்சு, எங்க போய்ச் சேந்துச்சு, ரிஜிஸ்டரையும் பாத்துடறேன். எனக்கு அவசரமில்ல."

குமாஸ்தா அவளைப் பார்த்தார். வாசலில் காத்து நின்ற அடுத்த குடும்பத்தைப் பார்த்தார். பழைய செய்தித்தாள் ஒன்றை எடுத்து அதில் தண்டைச் சுற்றினார்.

"உங்கப்பா வியாபாரியாம்மா?"

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"பொண்டாட்டிக்குத் துணி எடுக்கப் போய் நானும் மாட்டியிருக்கேன்."

காரில் அம்மா பொட்டலத்தை மடியில் வாங்கிக் கனம் பார்த்தாள். "இவ்வளவு லேசா இருக்கே. இதை வெச்சுக்கிட்டா அவ்வளவு தூரம் நடந்தாரு?"

"எவ்வளவு தூரம்?"

"தினம் சாயங்காலம் பஸ் ஸ்டாப் வரைக்கும். ஏர்போர்ட்லேருந்து ஆறு மணி பஸ் வந்து போனப்புறம்தான் திரும்புவாரு. கேட்டா, 'கோடி அடி தாங்கும்னு பொண்ணு சொல்லியிருக்கா, சும்மா வெச்சிருந்தா துருப்பிடிக்கும்'பாரு."

"அது துருப்பிடிக்காதும்மா."

"அவருக்குத் தெரியாதாக்கும்."

அண்ணன் சிக்னலில் காரை நிறுத்தினான்.

"என்கிட்ட ஒரு தடவைகூட 'வா'ன்னு கேட்டதில்லையேம்மா."

"வேற என்னதான் கேப்பாரு உங்கிட்ட?"

ஒவ்வொரு ஃபோனிலும் அப்பா கேட்டது ஒன்றேதான்: 'உன் மெஷின்ல எனக்கொரு வீடு அச்சடிச்சுக் குடேன்.' அவளும் ஒவ்வொரு தடவையும் சிரித்து, மெஷினின் மேடை ஒரு முழம்தான் என்று பொறுமையாக விளக்கியிருக்கிறாள்.

சாயங்காலம் வீடு நிறையச் சொந்தக்காரர்கள். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு மெயின் ரோட்டுக்கு நடந்தாள். அந்த பஸ்ஸுக்கு அதுதான் கடைசி ஸ்டாப். ஒரு கம்பம், ஒரு சிமெண்ட் பெஞ்ச். பஸ் வந்து நின்றது. பெட்டிகளோடு நாலைந்து பேர் இறங்கிப் போனார்கள். டிரைவர் பெஞ்சை எட்டிப் பார்த்தார்.

"பெரியவர் இன்னிக்கும் வரலியா?"

அவள் தலையை மட்டும் அசைத்தாள்.

"உள்ள ஒரு தடவை பாத்துட்டுதான் கதவையே மூட விடுவாரு," என்று அவர் சிரித்தார்.

அவள் படியில் ஒரு காலை வைத்து உள்ளே பார்த்தாள். எல்லா இருக்கைகளும் காலி. கடைசி வரிசை ஜன்னலில் திரை மட்டும் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.