மருந்தடித்த புல்

என் புருஷன் தேவன் என் தொழிலுக்கு ஒருநாளும் கை கொடுத்ததில்லை. நான் முருங்கைக்கீரையைக் காயவைத்து அரைத்துப் பொட்டலம் போடுவதைப் பார்த்து, "உன் புல்லு மாவு எப்படிப் போகுது?" என்று நக்கலடிப்பார். அந்த மனிதர் ஒருநாள் உதவினார் பாருங்கள், அதோடு சரி.

மலேசியாவில் பகாவ் பக்கம், பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோட்டத்து ஓரத்தில் எங்கள் வீடு. பின்னால் முருங்கை வரிசை. சிரம்பானில் ஒரு பெரிய கடை என் பொடியை எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தது. இயற்கை விளைச்சல் சான்றிதழ் மட்டும் வேண்டும் என்றார்கள். அதற்காகப் பள்ளிக்கூடக் கேண்டீன் வேலையை விட்டேன். மூன்று வருஷமாக அந்த மண்ணில் ஒரு சொட்டு ரசாயன மருந்து படவில்லை. பட்டால் மறுபடி முதலிலிருந்து மூன்று வருஷம் காத்திருக்க வேண்டும். அடுத்த வாரம் சோதனைக்கு வருவதாக இருந்தார்கள்.

அன்று டப்பா வாங்க டவுனுக்குப் போய்த் திரும்பினேன். வாசலிலேயே மருந்து நெடி. பின்னால் ஓடினேன். முருங்கைகளுக்கு நடுவே முதுகில் மருந்துப் பம்போடு தேவன் நின்றிருந்தார்.

"என்னங்க பண்ணீங்க?"

"இன்ஸ்பெக்டர் வர்றாங்கல்ல? தோட்டத்துல மானேஜர் வர்றார்னா முன்னாடியே புல்லுக்கு மருந்து அடிச்சிடுவோம் லா. அவங்க வர்றப்ப எல்லாம் காஞ்சு தரை பளிச்சுன்னு இருக்கும். நான் ஒரு ஒத்தாசையும் செய்யறதில்லன்னு நீதான சொன்னே?"

சிரித்துக்கொண்டே சொன்னார். தோட்டத்தில் மருந்தடிப்பதுதான் அவர் வேலை. சுத்தம் என்றால் அவருக்கு அதுதான். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

"பாவி மனுஷா, மருந்து அடிக்காததுக்குத்தான்யா சர்ட்டிபிகேட்டே!"

அவர் முகம் செத்துப்போனது. அப்போது பார்த்துச் சான்றிதழ் ஆபீசிலிருந்து போன் வந்தது. வேறு இடத்துச் சோதனை தள்ளிப்போனதாம், நாளைக் காலையே இங்கே வருகிறார்களாம்.

"நாளைக்குப் புல்லு பச்சையாத்தான் இருக்கும். மஞ்சளாக நாலஞ்சு நாளாகும்," என்றார் மெல்ல.

"வாய மூடுங்க!" என்றேன். ஆனால் அதைக் கேட்டு என் மனசு ஒரு நொடி குதித்தது. சீ என்று இருந்தது.

சாயங்காலம் மழை பெய்து நெடி அடங்கியது. காலையில் சோதனைக்கு வந்த மலாய்க்கார அம்மா அடுப்படி, காயவைக்கும் தட்டு எல்லாம் பார்த்தார். பொடியை முகர்ந்து தலையாட்டினார். பின்னால் கூட்டிப்போனேன். சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். போனால் போகட்டும், கேண்டீனில் மறுபடி பாத்திரம் கழுவலாம். அந்தக் கீரையை இன்னொருத்தி பிள்ளைக்கு எப்படிக் கொடுப்பது?

"இங்கே மருந்து ஏதாவது அடித்தீர்களா?" என்று மலாயில் கேட்டார்.

வாயைத் திறந்தேன். அதற்குள் பின்னாலிருந்து தேவன், "தாக் ஆடா, புவான்," என்றார். ஒன்றுமே அடிக்கவில்லையாம்! என்னைக் காப்பாற்றிவிட்டதாக நினைப்பு. இனி நான் உண்மையைச் சொன்னால் கட்டினவரை முன்பின் தெரியாதவர் முன்னால் பொய்யராக்க வேண்டும். தோட்டத்து மருந்தை வீட்டுக்குக் கொண்டுவந்தது வெளியே தெரிந்தால் அவர் வேலையும் போகும். நானும் இல்லை என்று தலையாட்டினேன். ஆட்டியது நான்தான், அதை அவர்மேல் போட முடியாது.

அந்த அம்மாவுக்கு ஏக சந்தோஷம். "புல் எவ்வளவு பச்சை! அடுத்த வாரம் விவசாயிகள் சிலரைக் கூட்டி வருகிறேன். உங்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும்," என்று சொல்லிவிட்டுக் கார் ஏறினார்.

தேவன் மண்வெட்டியோடு வந்தார்.

"அவங்க வர்றதுக்குள்ள மஞ்சளாயிடும். எல்லாத்தையும் புடுங்கிடலாம் சக்தி."

"புல்லைப் புடுங்கிடலாம். மண்ணை என்ன செய்வீங்க?"

அவர் மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கையாலேயே புல்லைப் பிடுங்கினார். பக்கத்தில் குந்தி உட்கார்ந்து நானும் பிடுங்கத் தொடங்கினேன். புல் இன்னும் பச்சையாகத்தான் இருந்தது.