நான்கு படகுகள் என்ன செய்தன?

1

இந்தக் கதை ஒரு தவறான விடையில் பிறந்தது. கேள்வியைத் தயாரித்தவன் நான்தான் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

வண்ணாரப்பேட்டையில் ஒரு ஜவுளிக்கடையின் மேல்மாடியில் என் நண்பன் ஜோபின் வேலைத் தேர்வுகளுக்கு வகுப்பு நடத்துகிறான். கீழே இருக்கும் கடை, தெற்கேயிருந்து வந்த அவன் அப்பாவுடையது. வாசித்துப் புரிந்துகொள்ளும் பகுதிக்குப் பத்திகள் எழுதித் தருவது என் வேலை. பத்து வருடம் சிறுகதை எழுதிக் கிடைக்காத வாசகர்கள் எனக்கு இங்கே கிடைத்தார்கள். ஒவ்வொரு வரியையும் மூன்று முறை படிக்கிறார்கள்! (இங்கே என் சிறுகதைகளின் விற்பனை பற்றி ஒரு வரி இருந்தது. வயிற்றெரிச்சல் தெரிகிறது என்று எடுத்துவிட்டேன்.)

2

முதல் தொடக்கம்: "எண்ணூரில் விடியல் புகையோடு கலந்து..." வேண்டாம். வடசென்னை என்றாலே புகையில் ஆரம்பிப்பது எனக்கே சலித்துவிட்டது.

இரண்டாவது: "நர்மதா ஓர் ஏழை மீனவக் குடும்பத்தில்..." இதை அவளே படித்துவிட்டாள். "ஏழைன்னு உனுக்கு யாரு சொன்னா? பத்தியில எங்க கீது?" என்று கேட்டாள். அடித்துவிட்டேன்.

மூன்றாவது, சுருக்கமாக: நர்மதா, நெட்டுக்குப்பம், பி.காம். துறைமுகத்தில் சரக்குப் பெட்டகங்களைக் கையாளும் ஒரு நிறுவனத்தின் அலுவலக வேலைக்கு இரண்டு முறை தேர்வு எழுதியவள். கணக்கில் புலி. மொழிப் பகுதியில் மட்டும் இரண்டு முறையும் ஒரே ஒரு மதிப்பெண்ணில் கோட்டைவிட்டாள். இந்த ஆண்டோடு வயது வரம்பு முடிகிறது. இதுதான் கடைசி வாய்ப்பு.

3

அந்தப் பத்தி இதுதான்:*

'காலையில் ஐந்து படகுகள் மீன்பிடிக்கச் சென்றன. மாலையில் நான்கு திரும்பின. ஐந்தாவது படகைக் காணவில்லை. கரையில் கூட்டம் கூடியது.'

கேள்வி: திரும்பிய நான்கு படகுகள் அடுத்து என்ன செய்தன?
ஏ) மீனை இறக்கின.
பி) காணாத படகைத் தேடிச் சென்றன.
சி) கரையில் காத்திருந்தன.
டி) பத்தியிலிருந்து சொல்ல முடியாது.

(* தாளில் ஆங்கிலம்தான் இருக்கும். உங்களுக்காகத் தமிழில் தருகிறேன். தமிழில்தான் என் பத்தி எவ்வளவு மொட்டையானது என்று தெரிகிறது.)

சரியான விடை டி. வகுப்பில் முப்பத்தொரு பேர். முப்பது பேர் டி போட்டார்கள். நர்மதா பி.

"பத்தியில் இருப்பதை வைத்துத்தான் பதில் சொல்லணும்" என்றேன்.

"இன்னா சார் நீ! ஒரு போட்டு வர்லன்னா மத்த போட்டு கரையில கட்டிக்கினு நிக்குமா? மீனக்கூட எறக்க மாட்டாங்க. டீசல் ஊத்திக்கினு அப்டியே திரும்பிப் போவாங்க. எங்க குப்பத்துல சின்னப் பசங்களக் கேளு, சொல்லும்."

"அது உனக்குத் தெரியும். பத்திக்குத் தெரியாதே?"

"அப்போ பத்தி எய்துன ஆளுக்குக் கடலும் தெரியாது, மனுசனும் தெரியாது."

எழுதிய ஆள் எதிரிலேயே நிற்கிறான் என்று அவள் கவலைப்படவில்லை. ஜோபின் என் காதில், "ஏல, அந்தப் புள்ள சொல்லுதது நியாயந்தான். ஆனா மார்க்கு 'டி'க்குத்தாம்ல" என்றான்.

4

இந்த இடத்தில் எனக்கே அவள்மேல் சந்தேகம் வந்தது. இவ்வளவு கெட்டிக்காரிக்கு இந்தச் சின்ன விதி புரியாதா? நம்பும்படி இல்லையே?

புரிந்திருந்தது. தேனீ பற்றிய பத்தியிலும் காப்பீடு பற்றிய பத்தியிலும் டி வரும் இடத்தில் டியே போட்டாள். யாராவது காணாமல் போகும் பத்தி வந்தால் மட்டும், அது சுரங்கமானாலும் காடானாலும், கை 'பி'க்குப் போனது. ஏன் என்று கேட்டேன்.

"எங்க அண்ணன் மணி, இஞ்சின் நின்னு ரெண்டு நாள் கடல்ல கெடந்துச்சு சார். நாலு போட்டு தேடிக்கினு போய்த்தான் இஸ்துகினு வந்தாங்க. இன்னிக்கு வூட்ல குந்திகினு 'படி, படி'ன்னு என்னப் பேஜார் பண்ணுது. 'சொல்ல முடியாது'ன்னு நான் டிக் அடிச்சா, அவுங்க போவவே இல்லன்னு நானே எய்திக் குட்த்த மாரி கீது."

என் மொட்டைப் பத்திக்குள் ஒருத்தி தன் அண்ணனை வைத்துப் படித்திருக்கிறாள்!

5

தேர்வுக்கு ஆறு நாள் முன்பு, விம்கோ நகரில் மெட்ரோ ஏறி வந்தவள் மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டி ஓடிவந்தாள்.

"சார், புட்ச்சிட்டேன்! பத்தி எய்துன ஆளு ஊருக்குப் புதுசு. கரையில நின்னான், நாலு போட்டு வந்தத பாத்தான், உடனே பஸ் ஏறிப் பூட்டான். தேடப் போனத அவன் பாக்கவே இல்ல! அவனக் கேட்டா, பாவம், தெரியாதுன்னுதான சொல்லுவான்? 'டி'ன்னா போட்டு போவலன்னு அர்த்தம் இல்ல சார். ஆளு பஸ்ல பூட்டான்னு அர்த்தம்!"

நான் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். கதைசொல்லி என்பவன் யார் என்று எத்தனை கட்டுரைகள் படித்திருப்பேன்! ஒன்றிலும் அவனை இப்படி பஸ் ஏற்றிவிடவில்லை. அன்று அவளுக்கு யாராவது காணாமல் போகும் பத்திகளாகவே பத்து கொடுத்தோம். ஒன்பது சரி. பத்தாவதில் பழையபடி பி போட்டிருந்தாள்.

6

முடிவு ஒன்று: நர்மதா தேர்ச்சி பெறுகிறாள், அலுவலக ஜன்னலில் கடல்... (திகட்டுகிறது.)

முடிவு இரண்டு: மறுபடியும் ஒரே ஒரு மதிப்பெண்ணில்... (எழுதக் கை வரவில்லை.)

நடந்தது இது. தேர்வு மையத்தின் வாசலில் மணி பைக்கோடு நின்றிருந்தார். நானும் நின்றிருந்தேன். சிரித்துக்கொண்டே வந்தாள்.

"வந்துச்சு சார்! மலையேறுன ஆறு பேர்ல ஒத்தரக் காணோமாம். மிச்ச அஞ்சு பேரு இன்னா பண்ணாங்க?"

"எதைப் போட்டே?" நானும் மணியும் ஒன்றாகக் கேட்டோம்.

பைக்கில் ஏறி உட்கார்ந்துகொண்டு, "பத்தியில இல்ல சார்" என்றாள். கையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள்.

தேர்வு முடிவு இன்னும் வரவில்லை. பஸ் ஏறிப் போன ஆள் இப்போது நான்தான். நர்மதா எதைக் குறித்தாள், பியா டியா என்று நீங்களே குறித்துக்கொள்ளுங்கள். பத்தியில் இருப்பதை மட்டும் வைத்து. உங்களால் முடிந்தால்.

7

என் கையில் இருப்பது ஒன்றே ஒன்று. வகுப்பின் பயிற்சிப் புத்தகத்துடைய அடுத்த பதிப்புக்காக அந்தப் படகுப் பத்தியின் கடைசியில் ஒரு வரி சேர்த்துவிட்டேன்: 'நான்கு படகுகளும் டீசல் ஊற்றிக்கொண்டு திரும்பவும் கடலுக்குப் போயின.'

"ஏல, இந்த வரி இருந்தா கேள்வியே செத்துப்போச்சே!" என்று ஜோபின் தலையில் அடித்துக்கொண்டான்.

போகட்டும். கேள்வி தப்பென்றால் அதை ரத்துசெய்து, எழுதிய எல்லோருக்கும் மதிப்பெண் கொடுப்பதுதானே வழக்கம்? வகுப்பில் எழுதிய பழைய விடைத்தாள்களை எடுத்துவரச் சொன்னேன். நர்மதாவின் தாளில் அந்த ஒரு மதிப்பெண்ணை நானே போட்டேன்.