மூன்று சுற்றுக்கு முன்னால்

என் மனைவி கேஷே கண்ணாடி இல்லாமல்தான் ஓடுவாள். போட்டுக்கொண்டால் மழையும் வியர்வையும் படிந்து ஒன்றும் தெரியாது. கழற்றிவிட்டால் இருபது அடிக்கு அப்பால் எல்லாம் கரைந்துபோகும். பத்தாயிரம் மீட்டர் என்றால் மைதானத்தை இருபத்தைந்து முறை சுற்ற வேண்டும். மீதிச் சுற்றுகளைக் காட்டும் பலகை அவளுக்கு வெறும் வெள்ளைத் திட்டு. அதனால் முடிவுக்கோட்டைத் தாண்டி வேலியோரம் நான் நின்றுகொண்டு, அவள் கடக்கும்போதெல்லாம் இன்னும் எத்தனை என்று கத்துவேன். பதினோரு வருடம் கத்தியிருக்கிறேன்.

பிப்ரவரியில் அவளை அடக்கம் செய்தோம். அதற்குப் பிறகு பத்திரிகைகளில் வந்த எல்லாக் குறிப்புகளும் ஒரு ஜூன் மாதப் பந்தயத்தைப் பற்றித்தான் அதிகம் பேசின. துணிச்சலான திட்டம் என்று எழுதியிருந்தார்கள். நடந்தது என்ன என்று தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். இப்போது நான் மட்டும் இருக்கிறேன்.

அவளுக்கு அப்போது முப்பத்துநான்கு வயது. வட கடலோரத்தில் எங்கள் பக்கத்துக் கிராமங்களுக்கு சைக்கிளில் தபால் கொண்டுபோகிற வேலை. கடல் ஊருக்குள் வராமல் தடுக்கிற கரைமேட்டில் ஆண்டு முழுக்க எதிர்க்காற்று அடிக்கும். தபாலைக் கொடுத்து முடித்த பிறகு அதே மேட்டின்மேல் ஓடுவாள். தேசியப் போட்டியில் தொடர்ந்து மூன்று வருடம் மூன்றாவதாக வந்தாள். முதல் இரண்டு பேருக்குத்தான் நாட்டு அணியில் இடம். இந்த வருடமும் கிடைக்காவிட்டால் அடுத்த வருடம் பெயர் அனுப்பப் போவதில்லை என்று எங்கள் ஓட்டச் சங்கத் தலைவர் சொல்லியிருந்தார். மரியாதையாகத்தான் சொன்னார். அவள் சூடான தேநீரில் கற்கண்டைப் போட்டு, அது வெடித்து அடங்கும் சத்தத்தைக் கேட்டாள். பிறகு, சரி என்றாள்.

நான் எம்டன் துறைமுகத்தில் வானொலி அறையில் இருந்தேன். கப்பல்களோடு பேசுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எங்கள் மொழியில் இரண்டுக்கு ‘ஸ்வை’, மூன்றுக்கு ‘ட்ரை’. இரைச்சலில் இரண்டும் ஒன்றுபோலவே கேட்கும். அதனால் இரண்டை ‘ஸ்வோ’ என்போம். அப்படிச் சொன்னால் குழப்பமே வராது. எனக்கு அது நாக்கில் ஊறிவிட்டது. ரொட்டிக் கடையில்கூட ‘ஸ்வோ’தான்.

முந்தைய வருடம் நான் வேலியோரம் நின்று அப்படிக் கத்தியபோது, தெற்கத்திச் சங்கத்துக்காரர்கள் சிரித்தார்கள். ரோஸ்வித்தாவின் ஆட்கள் அவர்கள். அவள்தான் இரண்டு முறை முதலாவதாக வந்தவள். அவளுடைய பயிற்சியாளர் ஸெல்னர் எனக்குக் கேட்கும்படியே பேசினார். “யாருய்யா இவரு, கப்பலக் கரைக்குக் கூப்புடுறாரா? இவங்க ஊர்ல கடலே தெனம் ரெண்டு தடவ வத்தி இவங்கள விட்டு ஓடிப்போவுதாம். அதப் பாத்துதான் அந்தம்மாவும் ஓடக் கத்துக்கிச்சு போல.” எங்கள் ஊர்க்காரர்களை வைத்துச் சிரிப்பது நாடு முழுக்க வழக்கம். நான் பொருட்படுத்தவில்லை. கேஷே பொருட்படுத்தினாள்.

அதனால் அந்த ஜூன் மாதக் காலையில், விடுதி அறையில் காலணிக் கயிற்றைக் கட்டிக்கொண்டே என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுச் சொன்னாள்: “ஒன்னோ, இன்னிக்கி மட்டும் மனுசன் மாதிரிப் பேசு. ஸ்வோ கிவோன்னு கத்தாத. ஸ்வைன்னு சொல்லு.”

“காத்துல வெளங்காதே.”

“எனக்கு வெளங்கும். இத்தன வருசமாக் கேக்குற குரலு.”

எப்போதும் போலத்தான் அன்றைக்கும் ஏற்பாடு: இரண்டு சுற்று மீதி இருக்கும்போது வேகமெடுப்பது. அது போதாது என்று எங்கள் இருவருக்குமே தெரியும். மூன்று வருடமும் அப்படித்தான் கிளம்பினாள். கடைசி வளைவில் ரோஸ்வித்தாவும் இன்னொருத்தியும் அவளைக் கடந்துபோனார்கள். வேறு வழி எங்களுக்குத் தோன்றவில்லை.

அன்று மழை இல்லை, நல்ல காற்று. இருபத்திரண்டு சுற்று முடிந்தபோது முன்னால் நான்கு பேர் ஒட்டிக்கொண்டு ஓடினார்கள். கேஷே மூன்றாவது. என்னைக் கடக்கும்போது நான் “ட்ரை” என்று கத்தினேன். அந்த நேரம் பார்த்து ஒலிபெருக்கியில் யாரோ ஈட்டி எறிந்த தூரத்தை அறிவித்தார்கள்.

அவள் கிளம்பிவிட்டாள்.

எனக்குப் புரிய நாலைந்து நொடி ஆயிற்று. அவள் காதில் ‘ஸ்வை’ என்று விழுந்திருக்கிறது. ரோஸ்வித்தா ஒருமுறை தலையைத் தூக்கிப் பார்த்தாள். பின்தொடரவில்லை. என் பக்கத்தில் ஸெல்னர் உரக்கச் சொன்னார், போகட்டும், தானே கவிழ்வாள் என்று. எனக்கும் அதே பயம்தான்.

எதிர்ப்புறத்தில் இருபது மீட்டர் முன்னால் இருந்தாள். நேர்ப்பாதைக்குத் திரும்பும்போது நாற்பது. தோளைப் பார்த்தாலே தெரிந்தது, கடைசிச் சுற்று மணியை எதிர்பார்த்து வருகிறாள். மணி அடிக்கப் போவதில்லை. நான் உண்மையைச் சொன்னால் கால் தளர்ந்துவிடலாம். சொல்லாவிட்டால் அடுத்த முறை கோட்டைத் தாண்டியதும் நின்றேவிடுவாள். வேலியைப் பிடித்துக்கொண்டு, துறைமுக வாயிலில் தடம் தவறிய கப்பலைக் கூப்பிடுவதுபோல என் முழு மூச்சையும் எடுத்துக் கத்தினேன்.

“ஸ்வோ!”

முகம் என் பக்கம் திரும்பியது. என்னை அவளால் சரியாகப் பார்க்க முடியாது, ஆனாலும் பார்த்தாள். “அடப்பாவி” என்று சொன்னது தெளிவாகக் கேட்டது. வேகத்தை மட்டும் அவள் குறைக்கவில்லை.

அடுத்த சுற்றில் அவள் ஓடிய விதம் அழகாக இல்லை. தலை ஆடியது, இடது கை வெளியே விலகியது. கரைமேட்டில் எதிர்க்காற்றுக்கு முகம் கொடுத்து ஓடும்போது அவள் அப்படித்தான் இருப்பாள். அதைப் பார்த்ததும்தான் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. மணி அடித்தது. இடைவெளி இருபத்தைந்து. ரோஸ்வித்தா இப்போதுதான் பதறிக்கொண்டு பாய்ந்தாள். பதினைந்து, பத்து. ஸெல்னர் தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டிருந்தார். கடைசி வளைவு முடிந்தபோது ஆறு மீட்டர் இருந்தது. அந்த ஆறு மீட்டரை நேர்ப்பாதையில் அவள் முழுவதுமாக விட்டுக்கொடுக்கவில்லை. கோட்டைத் தாண்டியபோது இரண்டு இருந்தது.

முதலிடம்.

புல்லில் மல்லாந்து கிடந்தவளிடம் நான் போய்ச் சேருவதற்குள் ஸெல்னரும் வந்துவிட்டார். குனிந்து கை கொடுத்தார். “மூணு சுத்து பாக்கி இருக்கயிலயே கெளம்பச் சொல்லி யாரும்மா ரோசன குடுத்தது?”

கேஷே மூச்சு வாங்கிக்கொண்டே என்னைக் காட்டினாள். “இவருதான். சத்தமாச் சொன்னாரு.”

அவர் என்னைப் பார்த்த பார்வையில் மரியாதை இருந்தது. நான் மறுக்கவில்லை. மறுநாள் பத்திரிகைகளில் அது திட்டமாகிவிட்டது. ரயிலில் ஊர் திரும்பும்போது வாங்கிப் படித்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சட்டென்று நிறுத்திவிட்டு, “ஆனா ஒன்னு, அவளால என்னயப் புடிக்க முடியலையே” என்றாள். பிறகு எம்டன் வரும்வரை விரல்களை மடக்கி விரித்துக்கொண்டே வந்தாள். கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன்.

அந்தக் கோடை முழுவதும் கரைமேட்டில் அதையே பழகினாள். தபால் பையை என்னிடம் கொடுத்துவிட்டு, ஆயிரத்து இருநூறு மீட்டர் முழு வேகத்தில். திரும்ப நடை. மறுபடியும் அதே தூரம். செம்மறி ஆடுகள் முதலில் விலகி ஓடின. ஆகஸ்டில் தலையைக்கூடத் தூக்கவில்லை.

செப்டம்பரில் பெல்ஜியத்தில் நாட்டுச் சட்டை போட்டுக்கொண்டு நின்றாள். ஏழு நாட்டுப் பெண்கள். இருபத்திரண்டாவது சுற்று முடிந்து என் முன்னால் வந்தாள். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே கிளம்பிவிட்டாள். யாராலும் பின்தொடர முடியவில்லை. கடைசிச் சுற்றில் அந்த ஊர்க்காரர்கள் விளம்பரப் பலகைகளைத் தட்டினார்கள். அறுபது மீட்டர் முன்னால் முடித்தவள், கோட்டில் நிற்காமல் கையை உயர்த்தியபடி இன்னொரு சுற்றுக்கு மெதுவாக ஓடினாள். வேலி முடிகிற இடம்வரை நானும் கூடவே ஓடினேன்.